காயடித்த பிறகும் ஆண்-பெண் எலி வித்தியாசம் நிற்கிறது: இது பால் குரோமோசோமின் வேலை என்று எப்படிக் காட்டுவது?

கேள்வி: தேன்மொழி_உயிரியல்

வணக்கம். சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகை எலிகளில் 10 வார வயதில் ஆணுக்கு விரையும் பெண்ணுக்குச் சூலகமும் எடுத்துவிட்டு, 4 வாரம் ஆறவிட்டு, பிறகு கொழுப்புத் தீனி கொடுத்து உடல் கொழுப்பை அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். அறுவைக்குப் பிறகும் இரு பாலுக்கும் இடையே வித்தியாசம் நிற்கிறது. "ஹார்மோன் சுரப்பியே இல்லை, மிச்சமிருப்பது எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் மட்டும்தான், ஆகவே இது பால் குரோமோசோம் ஜீன்களின் வேலை" என்று எழுதலாமா? எழுதக்கூடாது என்கிறார்கள். ஓட்டை எங்கே?

கூடவே இன்னொரு குழப்பம். பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் அணைந்துதான் கிடக்கிறது. அப்படியிருக்க எக்ஸ் ஒன்றா இரண்டா என்பது ஏன் பொருட்டாக வேண்டும்?

எத்தனை எலி வேண்டும், எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், வழக்கமாக எங்கே சொதப்பும் என்று வேலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவும்.

பதில் 1: நேரடியாக

இதில் என்ன குழப்பம்? ஒய்யில் இருக்கிற எஸ்ஆர்ஒய் ஒன்றுதான் சுவிட்ச். அது விரையை உண்டாக்கும், விரை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. 1991இலேயே எக்ஸ்எக்ஸ் எலிக்கு அந்த ஜீனைச் செருகி ஆணாக வளர்த்துக் காட்டிவிட்டார்கள். குரோமோசோம் குரோமோசோம் என்று தனியாகத் தேட ஒன்றுமில்லை.

பதில் 2: கூண்டுக்காரன்

நேரடியாக சார், 1991 சோதனை காட்டியது விரை உண்டாக அந்த ஒரு ஜீன் போதும் என்பதை. அந்த எக்ஸ்எக்ஸ் ஆண் எலிக்கு விரை சிறுத்திருந்தது, விந்தணுவே இல்லை. விந்தணு உண்டாக ஒய்யின் மற்ற ஜீன்கள் வேண்டும், இரண்டு எக்ஸ் இருந்தால் விரைக்குள் இருக்கும் கருச்செல்கள் பிழைக்கவும் செய்யாது. ஆக அந்த எலியிலேயே உங்கள் வாதத்துக்கு விதிவிலக்கு இருக்கிறது.

தேன்மொழி, உங்கள் ஓட்டை இரண்டு இடத்தில்.

முதலாவது, காலம். எலிக் கருவில் எஸ்ஆர்ஒய் 10.5ஆம் நாளில் எழும்பி, 11.5இல் உச்சம் தொட்டு, 12.5க்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு நாளைக்குள் சாக்ஸ்-9 ஜீனைத் தூண்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து விரை தயாராகி, பிறப்புக்குச் சற்று முன்பும் பிறந்த சில மணி நேரத்திலும் டெஸ்டோஸ்டிரோன் ஒரு அலை அடிக்கும். பச்சைப் பானையில் பதிந்த விரல்தடம் சூளைக்குப் போய் வந்த பிறகு கழுவினால் போகாது இல்லையா, அந்த அலை மூளையிலும் ஈரலிலும் விட்ட தடமும் அப்படித்தான். 10 வாரத்தில் காயடித்தால் அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஹார்மோன்தான் நிற்கும். பத்து வாரம் முன்பு பதிந்தது பதிந்ததுதான்.

இரண்டாவது, எக்ஸ்எக்ஸையும் எக்ஸ்ஒய்யையும் ஒப்பிடும்போது மூன்று விஷயம் ஒரே மூட்டையில் வருகிறது: எக்ஸ் எத்தனை, ஒய் உண்டா, அப்பாவிடமிருந்து வந்த எக்ஸ் உண்டா. ஆண் குட்டிக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும்.

முதல் ஓட்டையை அடைப்பதற்கென்றே இருக்கிறது 'ஃபோர் கோர் ஜீனோடைப்ஸ்' எலி, சுருக்கமாக எஃப்சிஜி. லண்டனில் பால் பர்கோய்ன் வைத்திருந்த எலிகளை எடுத்து, லாஸ் ஏஞ்சலஸில் ஆர்தர் ஆர்னால்டு குழு 2002 முதல் இந்த வேலைக்குப் பழக்கியது. ஒய்யிலிருந்து எஸ்ஆர்ஒய் மட்டும் விழுந்துபோன ஒரு ஒய் இருக்கிறது (விழுந்தது 11 கிலோபேஸ், அதாவது 11,000 டிஎன்ஏ எழுத்துதான்). அந்த எஸ்ஆர்ஒய்யைத் திரும்ப 3ஆம் குரோமோசோமில் செருகியிருக்கிறார்கள். இப்போது விரை வருவதும் ஒய் வருவதும் தனித்தனியாகக் குட்டிக்குப் போகும். அப்படிப்பட்ட ஆணைச் சாதாரண எக்ஸ்எக்ஸ் பெண்ணோடு சேர்த்தால் ஒரே ஈற்றில் நான்கு வகையும் ஏறத்தாழ கால் கால் பங்கு வரும்: எக்ஸ்எக்ஸ் சூலகம், எக்ஸ்எக்ஸ் விரை, எக்ஸ்ஒய் சூலகம், எக்ஸ்ஒய் விரை.

படிக்கும் முறை இதுதான். சூலகம் உள்ள எக்ஸ்எக்ஸையும் சூலகம் உள்ள எக்ஸ்ஒய்யையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் கருவில் ஒரே ஹார்மோன் சரித்திரம். அதேபோல் விரை உள்ள இரண்டையும் ஒப்பிடுங்கள். இரு ஜோடியிலும் எக்ஸ்எக்ஸ் ஒரே பக்கம் சாய்ந்தால் அது குரோமோசோம் விளைவு. ஒரு ஜோடியில் மட்டும் சாய்ந்தால் குரோமோசோமும் சுரப்பியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, இதற்குத்தான் இடைவினை என்று பெயர்.

ஜீனோடைப்பிங்கில், அதாவது எந்தக் குட்டி எந்த வகை என்று பிசிஆர் செய்து ஜெல்லில் பேண்ட் (கோடு) பார்ப்பதில், இரண்டு கேள்விதான்: எஸ்ஆர்ஒய் இருக்கிறதா, ஒய் இருக்கிறதா. எஸ்ஆர்ஒய் பேண்ட் விழுந்தால் விரை. ஒய்க்கு, கேடிஎம்5சி (எக்ஸில் உள்ள ஜீன்), கேடிஎம்5டி (ஒய்யில் உள்ள அதன் ஜோடி) இரண்டையும் ஒரே பிரைமர் ஜோடியில் பிடிப்பது வசதி. எக்ஸிலிருந்து 331, ஒய்யிலிருந்து 302 பேஸ். எக்ஸ் பேண்ட் எப்போதும் விழுந்தாக வேண்டும், அதனால் டிஎன்ஏ கெட்டுப்போயிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் இடைவெளி வெறும் 29 பேஸ். 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு எல்லாம் பெண்ணாகத் தெரியும். 2.5 முதல் 3 சதவீதம் வார்த்து, மெதுவாக ஓட்டுங்கள்.

இன்னொரு தொல்லை, எஸ்ஆர்ஒய் செருகலில் பல பிரதிகள் இருப்பதால் அந்த பிசிஆர் ரொம்பக் கூர்மையானது. முந்தின குட்டியின் வால் நுனி கத்தரிக்கோலில் ஒட்டியிருந்தாலே மங்கலாக ஒரு பேண்ட் வரும். சுழற்சியை 30க்குமேல் ஏற்றாதீர்கள், டிஎன்ஏ போடாத குழாய் ஒன்றை ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்கள். மங்கல் பேண்டை வைத்துக்கொண்டு தலையைப் பிய்ப்பதைவிட எலியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் உள்ள தூரம் விரை உள்ளவற்றில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எஸ்ஆர்ஒய் பேண்டும் அந்தத் தூரமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். எதிர்பார்க்கும் வித்தியாசம் ஒரு திட்ட விலக்கம் அளவு, 80 சதவீத வலு, 5 சதவீதப் பிழை என்று வைத்தால், குரோமோசோம் முதன்மை விளைவுக்கு வகைக்கு 9 எலி போதும், ஏனென்றால் நான்கு கூட்டத்தையும் இரண்டு இரண்டாகச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறீர்கள். அதே அளவுள்ள இடைவினையைப் பிடிக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு, அதாவது வகைக்கு 34. வகைக்கு 8 எலி வைத்துக்கொண்டு "இடைவினை இல்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் எழுத வேண்டியது "பார்க்க எங்களால் முடியவில்லை" என்பது.

அறுவையில் கவனம்: விரையைப் பையின் வழியாக எடுக்கும்போது எபிடிடிமிஸை (விரையோடு ஒட்டிய விந்துக் குழாய்ச் சுருளை) சுற்றியுள்ள கொழுப்பும் கூடவே உருவிக்கொண்டு வரும். பிறகு அந்தக் கொழுப்புத் திட்டை எடை போட்டு "விரை உள்ள கூட்டத்தில் கொழுப்பு குறைவு" என்று முடிவு கட்டினால் அது உங்கள் இடுக்கியின் கைங்கரியம். கொழுப்பைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுத் தையுங்கள், முடிவுக்கு இடுப்பருகே தோலுக்கடியில் உள்ள திட்டையும் முழு உடல் என்எம்ஆர் அளவையும் நம்புங்கள். சூலகம் முழுதாக வந்ததா என்பதைக் கடைசியில் கருப்பையே சொல்லிவிடும்; நூல் மாதிரி வெளுத்து மெலிந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாவது சிவந்து தடித்திருந்தால் துணுக்கு மிஞ்சியிருக்கிறது, அந்த எலி கணக்கில் வராது. ரத்தத்தில் எஸ்ட்ராடியோலை எலைசா கிட்டில் அளந்து நிரூபிக்கப் பார்க்காதீர்கள். எலியில் அளவு அவ்வளவு கீழே இருப்பதால் கிட் கொடுக்கும் எண் பெரும்பாலும் இரைச்சல்தான். மாஸ் ஸ்பெக் வசதி இல்லையென்றால் கருப்பை எடையே மேல்.

கூண்டு: காயடிக்காத ஆண்கள் சண்டை போடும் என்று தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பெண்களை ஐந்து ஐந்தாகப் போட்டால், தனி எலி குளிருக்கு அதிகம் தின்று எரிக்கும். அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் "பால் வித்தியாசமாக" அட்டவணையில் ஏறிவிடும். நான்கு வகைக்கும் ஒரே அடர்த்தி. தீனியில் சோயா இருந்தால் அதன் தாவர ஈஸ்ட்ரோஜன் சூலகம் எடுத்த எலியில் நன்றாகவே வேலை செய்யும், அதனால் கேசீன் அடிப்படைத் தீனிக்கு மாறுங்கள்.

பதில் 3: பார்_உடலம்

கூண்டுக்காரன் முதல் கேள்வியை முடித்துவிட்டார். நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு எக்ஸ் அணைவதை 1961இல் மேரி லயன் எலியின் தோல் நிறத்தை வைத்துச் சொன்னார். அணைப்பது ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ. புரதமாக மாறாமல், எந்த எக்ஸிலிருந்து உருவாகிறதோ அதன்மேலேயே போர்த்திக்கொண்டு அந்தக் குரோமோசோமைச் சுருட்டி மூடும். ஆனால் அது கதவைச் சாத்திய வீடு, இடித்த வீடு அல்ல. மனிதரில் எக்ஸ் ஜீன்களில் சுமார் 15 சதவீதம் எப்போதும் தப்பித்துக்கொள்கின்றன, இன்னொரு 10 சதவீதம் ஆளுக்கு ஆள், திசுவுக்குத் திசு மாறுகின்றன. எலியில் தப்புவது ஒற்றை இலக்கச் சதவீதம்தான். எக்ஸ் ஒன்று மட்டும் உள்ள எலி குட்டி போட்டுக்கொண்டு ஓரளவு சாதாரணமாக இருப்பதற்கும், மனிதரில் அதுவே டர்னர் சிண்ட்ரோமாக வருவதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

தப்பிக்கும் ஜீனும் இரட்டிப்பாகப் பேசுவதில்லை. அணைந்த எக்ஸிலிருந்து வருவது, மனிதத் திசுக்களில் சராசரியாக, விழித்திருக்கும் எக்ஸிலிருந்து வருவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஆர்என்ஏ-செக்கில் (எந்த ஜீன் எவ்வளவு ஆர்என்ஏ தருகிறது என்று எண்ணும் முறை) பெண்ணில் 1.3 மடங்கு, 1.5 மடங்கு என்று வந்தால் "சின்ன வித்தியாசம்" என்று ஒதுக்காதீர்கள். 2 மடங்குக்கு வடிகட்டி வைத்தால் தப்பிக்கும் ஜீன்கள் அத்தனையும் அந்த வடிகட்டியிலேயே போய்விடும்.

எந்த ஜீன்கள் என்று பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். கேடிஎம்5சி, கேடிஎம்6ஏ, டிடிஎக்ஸ்3எக்ஸ், இஐஎஃப்1ஏஎக்ஸ், யுஎஸ்பி9எக்ஸ். குரோமட்டினைத் திருத்துவது, ஆர்என்ஏயைப் பிரிப்பது, புரதத் தயாரிப்பைத் தொடங்குவது என்று செல்லின் அடுப்படி வேலை எல்லாம் இவற்றின் கையில். மனிதரில் ஒவ்வொன்றுக்கும் ஒய்யில் ஒரு ஜோடி உண்டு: கேடிஎம்5டி, யுடிஒய், டிடிஎக்ஸ்3ஒய் என்று. ஒரே மூதாதைக் குரோமோசோமிலிருந்து பிரிந்து வந்தவை இவை. ஒய் ஜோடி எக்ஸ் ஜோடியின் வேலையைப் பாதி செய்யும், சில சமயம் முக்காலும் செய்யும், பெரும்பாலும் முழுக்கச் செய்யாது. இந்தக் கேடிஎம்5சிதான் உங்கள் கொழுப்புக் கேள்விக்கு வரும் ஜீன்.

2012இல் ஆர்னால்டு, கேரன் ரூ குழு எஃப்சிஜி எலிகளைச் சுமார் 75 நாளில் காயடித்து மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். எக்ஸ்எக்ஸ் எலிகள், சூலகம் இருந்ததோ விரை இருந்ததோ, எக்ஸ்ஒய்யைவிட இரு மடங்கு வரை கொழுத்தன. அதோடு, எக்ஸ்எக்ஸ் எலிகள் கூடுதலாகத் தின்றது பகலில், அதாவது எலி தூங்க வேண்டிய நேரத்தில். 24 மணி நேரக் கூட்டுத்தொகையை மட்டும் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 2020இல் அதே வட்டாரம், எக்ஸ்எக்ஸ் பெண்ணில் கேடிஎம்5சியின் ஒரு பிரதியை மட்டும் எடுத்துவிட்டு, எக்ஸ்ஒய்யின் அளவுக்கு அதைக் குறைத்தது. எடையும் கொழுப்பும் இறங்கின. குரோமோசோம் விளைவு என்று எழுதிவிட்டு நின்றுவிடாமல் எந்த ஜீன் என்று கைகாட்டிய வேலைகள் இந்தத் துறையில் குறைவு. அந்த வகையில் எனக்கு இது முன்மாதிரி.

இப்போது கூண்டுக்காரன் சொன்ன இரண்டாவது ஓட்டை. எஃப்சிஜி உங்களுக்குச் சுரப்பியையும் குரோமோசோமையும் பிரித்துத் தரும், ஆனால் எக்ஸ் எண்ணிக்கையா ஒய்யா என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்ஒய்-ஸ்டார் எலி. அதன் ஒய்யில், எக்ஸோடு சேர்ந்து பிரியும் முனைப் பகுதி ஏறுமாறாக இருக்கிறது. அதனால் அந்த ஆணின் குட்டிகள் நான்கு வகை: எக்ஸ்எக்ஸ் பெண், சாதாரண ஆண் போன்றது, எக்ஸ்எக்ஸ்ஒய் போன்ற ஆண், எக்ஸ் ஒன்று மட்டும் உள்ளது போன்ற பெண். காயடித்த பின் எக்ஸ்எக்ஸும் எக்ஸ்எக்ஸ்ஒய்யும் ஒரு பக்கம், ஒற்றை எக்ஸும் எக்ஸ்ஒய்யும் மறுபக்கம் என்று விழுந்தால் எக்ஸ் எண்ணிக்கைதான் காரணம். கொழுப்பில் விழுந்தது அப்படித்தான். இதில் ஒரு கண்ணி: இந்த எலியில் ஒய்யோடு எஸ்ஆர்ஒய்யும் ஒட்டியே வருகிறது, அதனால் "ஒய் விளைவு" என்று கிடைத்தால் அது விரையின் விளைவாகவும் இருக்கலாம். எஃப்சிஜி முடிவையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

அப்பா எக்ஸ் பிரச்சினை இரண்டு எலியிலும் தீராது. இரண்டு எக்ஸ் உள்ள எலிகளில் மட்டும்தான் அப்பாவின் எக்ஸ் இருக்கிறது, ஒற்றை எக்ஸ் குட்டிக்கும் அம்மாவின் எக்ஸ்தான். கட்டுரையில் அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

பதில் 4: ஒய்_துண்டு

மேலே இருவரும் சொல்லாத ஒன்று, எஃப்சிஜி எலி வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது. சி57பிஎல்/6ஜே பின்னணியில் உள்ள எஃப்சிஜி எலிகளில், எஸ்ஆர்ஒய் இல்லாத அந்த ஒய்யின்மேல் எக்ஸின் 3.2 மெகாபேஸ் துண்டு ஒன்று பிரதியாக ஒட்டியிருப்பது 2024இல் வெளிவந்தது. அந்தத் துண்டுக்குள் டிஎல்ஆர்7 இருக்கிறது.

விளைவை யோசியுங்கள். எக்ஸ்ஒய் எலிக்கு ஒரு டிஎல்ஆர்7தான் இருக்க வேண்டும். இந்த எலிக்கு இரண்டு, இரண்டுமே அணையாதவை, ஏனென்றால் ஒய்யை அணைக்க யாரும் இல்லை. டிஎல்ஆர்7 என்பது வைரஸ் ஆர்என்ஏயை மோப்பம் பிடிக்கும் ஜீன், உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயில் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நோய்க்கு வாகான எலி வகைகளில் அதன் ஒரு கூடுதல் பிரதியே லூபஸ் போன்ற நோயை முடுக்கிவிடும். ஆக நோயெதிர்ப்பு, அழற்சி, தொற்று, பக்கவாதத்துக்குப் பின் மூளை அழற்சி என்று எதைப் பார்த்தாலும் "எக்ஸ்ஒய்யில் அதிகம்" என்ற முடிவு இந்தத் துண்டால் வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். தலைகீழாகவும் நடக்கும்: உண்மையிலேயே எக்ஸ்எக்ஸில் அதிகமாக இருக்கும் ஒன்றை இந்தத் துண்டு சமன்செய்து மறைத்துவிடும்.

கேடிஎம்5சி அந்தத் துண்டில் இல்லை. கொழுப்பு முடிவு அந்த அளவில் தப்பியது. ஆனால் கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் எண்ணிக்கை, சைட்டோகைன் என்று போனால் டிஎல்ஆர்7 நடுவில் வந்து நிற்கும்.

சோதிப்பது ஒரு நாள் வேலை. வால் டிஎன்ஏயில் டிஎல்ஆர்7 ஒரு பிரைமர் ஜோடி, ஒப்பீட்டுக்கு உடல் குரோமோசோம் ஜீன் ஒன்று, துண்டுக்கு வெளியே எக்ஸிலிருந்து ஒன்று (கேடிஎம்5சியே ஆகும்). மூன்றையும் டிஜிட்டல் பிசிஆரிலோ, இல்லையென்றால் மும்மடி கியூபிசிஆரிலோ எண்ணுங்கள். சாதாரண ஆணில் டிஎல்ஆர்7 ஒன்று, கேடிஎம்5சி ஒன்று. எஃப்சிஜி எக்ஸ்ஒய்யில் கேடிஎம்5சி ஒன்றாகவும் டிஎல்ஆர்7 இரண்டாகவும் வந்தால் துண்டு இருக்கிறது. கியூபிசிஆரில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழற்சி, அதனால் டிஎன்ஏ அளவை ஃப்ளூரசன்ஸ் முறையில் அளந்து ஒரே அளவாகப் போடுங்கள். நானோடிராப் (ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் கருவி) எண்ணை நம்பிப் போட்டால் ஆர்என்ஏ கலப்பிலேயே அரைச் சுழற்சி போய்விடும்.

பழைய ஆர்என்ஏ-செக் தரவு கையில் இருந்தால் அதுவும் போதும். எக்ஸின் அந்த முனைப்பகுதி ஜீன்கள் மட்டும் வரிசையாக எக்ஸ்ஒய்யில் தூக்கிக்கொண்டு நின்றால் காரணம் இதுதான். ஒரே இடத்தில் அண்டை வீடு அண்டை வீடாக எட்டொன்பது ஜீன் சேர்ந்து ஏறுவது தற்செயல் இல்லை.

தேன்மொழி_உயிரியல்:

மூவருக்கும் நன்றி. டிஎல்ஆர்7 சோதனையைத் திட்டத்தில் முதல் படியாகச் சேர்த்தாயிற்று. ஒரு கிளைக் கேள்வி: எலி முடிவை மனித செல்லில் பார்க்க வேண்டுமென்றால் ஆண் செல் வரி, பெண் செல் வரி (ஒரே ஆளிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துவரும் செல்கள்) என்று இரண்டிரண்டு வாங்கி ஒப்பிட்டால் போதுமா? பால் உறுதிசெய்ய அமெலோஜெனின் பிசிஆர் செய்தால் சரியா?

பதில் 5: ஜெல்லும்_பேண்டும்

போதாது மேடம். முதலில் அமெலோஜெனின். இந்தப் பல் எனாமல் ஜீன் எக்ஸிலும் ஒய்யிலும் இருக்கிறது, எக்ஸ் பிரதியில் முதல் இன்ட்ரானில் 6 பேஸ் குறைவு. அதனால் எக்ஸிலிருந்து 106, ஒய்யிலிருந்து 112. உலகம் முழுக்கத் தடயவியல் கிட் எல்லாவற்றிலும் இதுதான். ஆனால் நம் பக்கத்தில்தான் இது கால் வாருகிறது. 1998இல் வெளியான ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் 2 பேருக்கு ஒய்யின் அமெலோஜெனின் பகுதியே இல்லை. 2002இல் ஹைதராபாத் சிசிஎம்பியில் தங்கராஜ் குழு 270 இந்திய ஆண்களைப் பார்த்ததில் 5 பேர். அந்த ஆண்கள் நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள், ஜெல்லில் மட்டும் பெண்ணாகத் தெரிவார்கள். பக்கத்திலேயே எஸ்ஆர்ஒய் பிரைமர் ஒன்றையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. (இதே பிசிஆரைக் கர்ப்பிணியின் மாதிரியில் குழந்தையின் பால் பார்க்கச் செய்து தரச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள், 1994 சட்டப்படி குற்றம்.)

செல் வரிகளுக்கு டிஎன்ஏயைவிட ஆர்என்ஏ உபயோகம். ஸிஸ்ட் ஒரு பக்கம், ஒய் ஜீன்கள் (ஆர்பிஎஸ்4ஒய்1, டிடிஎக்ஸ்3ஒய், கேடிஎம்5டி, இஐஎஃப்1ஏஒய்) மறுபக்கம் வைத்துப் பாருங்கள். ஸிஸ்ட் உண்டு, ஒய் இல்லை என்றால் பெண். ஒய் உண்டு, ஸிஸ்ட் இல்லை என்றால் ஆண். இரண்டும் உண்டு என்றால் எக்ஸ்எக்ஸ்ஒய், அல்லது இரண்டு மாதிரி கலந்துவிட்டது, பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டுமே இல்லை என்றால்தான் தலைவலி: ஒய்யைத் தொலைத்த ஆண் வரியாகவும் இருக்கலாம், அணைந்த எக்ஸைத் தொலைத்த பெண் வரியாகவும் இருக்கலாம். எம்சிஎஃப்-7 பெண்ணிடமிருந்து வந்த வரி, அதில் ஸிஸ்ட் கிடையாது. அதைப் "பெண் செல்" என்று வைத்து எக்ஸ் அளவு பேசினால் அர்த்தமில்லை. பெண் ஐபிஎஸ் செல்களில் (முதிர்ந்த செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கியவை) வேறு கூத்து. வளர்க்க வளர்க்க ஸிஸ்ட் கழன்றுபோய், அணைந்த எக்ஸில் சில ஜீன்கள் திரும்ப விழித்துக்கொள்ளும். 15ஆம் மாற்றில் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாற்று) இருந்த வித்தியாசம் 40ஆம் மாற்றில் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு பத்து மாற்றுக்கும் ஸிஸ்ட் பாருங்கள், மாற்று எண்ணை எழுதி வையுங்கள்.

வயதான ஆண்களின் ரத்த செல்களிலும் ஒய் கழன்றுபோவது சகஜம். பிரிட்டனின் யுகே பயோபேங்கில் 70 வயதையொட்டிய ஆண்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஒரு பங்கு செல்களிலாவது ஒய் இல்லை. ரத்த மாதிரியில் "ஒய் ஜீன் அளவு" பேசுகிறவர்கள் வயதைச் சேர்த்துத்தான் பேச வேண்டும். எலியின் எலும்பு மஜ்ஜையில் ஒய்யை வெட்டியெடுத்துப் பொருத்தியபோது இதயத்தில் நார்த்திசு ஏறியதை 2022இல் காட்டினார்கள், அதனால் இதை வெறும் முதுமைத் தூசி என்று தள்ளவும் முடியாது.

இரண்டு ஆண் வரி, இரண்டு பெண் வரி என்பதும் எண்ணிக்கையில் வராது. நான்கும் நான்கு வெவ்வேறு ஆட்கள். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பால் வேறுபாட்டைவிடப் பெரிது. அதைவிட, எக்ஸ்எக்ஸ்ஒய் ஆள் ஒருவரிடமிருந்து எடுத்த ஐபிஎஸ் செல்களில் வளர்ப்பின்போது ஒரு எக்ஸ் தானாக உதிர்ந்து எக்ஸ்ஒய் ஆன குளோனையும், உதிராத குளோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மற்ற 22 ஜோடியும் ஒன்றே. எக்ஸ் எண்ணிக்கை மட்டும்தான் மாறும்.

பதில் 6: பார்_உடலம்

மனிதரில் இயற்கையே செய்துவைத்த ஒப்பீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றின் எல்லையையும் தெரிந்து சேருங்கள்.

லூபஸ் பெண்களில் ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதிகம். விரையும் டெஸ்டோஸ்டிரோனும் உள்ள எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களில் அது எக்ஸ்ஒய் ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு, பெண்களின் அளவை ஒட்டியது. இரண்டாவது எக்ஸின்மேல் சந்தேகம் விழுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனால் இந்த எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களுக்கு (கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம்) டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் குறைவு, அதனால் ஹார்மோன் முழுக்க விலகிவிடவில்லை. டிஎல்ஆர்7 பெண்களின் பி செல்கள் சிலவற்றில் அணைப்பிலிருந்து தப்புவது 2018இல் தெரிந்தது. 2024இல் ஸ்டான்ஃபோர்டில் வேறொரு கோணம் வந்தது: ஸிஸ்ட் ஆர்என்ஏவோடு ஒட்டும் புரதங்களே தன்னெதிர்ப்புக்கு இலக்காகலாம் என்பது. ஜீனை அணைக்காத ஒரு ஸிஸ்டை ஆண் எலியில் ஓடவிட்டு, பிரிஸ்டேன் எண்ணெய் ஊசியால் நோயைத் தூண்டியபோது, நோய்க்கு வாகான எஸ்ஜேஎல் வகையில் அது பெண்ணின் அளவை எட்டியது, சி57பிஎல்/6 வகையில் அப்படி வரவில்லை. எலி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

அடுத்து, ஆண்ட்ரோஜன் ஏற்பியே வேலை செய்யாத எக்ஸ்ஒய் பெண்கள். ஏற்பி ஜீன் எக்ஸில்தான் இருக்கிறது. விரை உண்டு, டெஸ்டோஸ்டிரோன் தாராளமாக உண்டு, கேட்க ஆளில்லை, வெளித்தோற்றம் முழுக்கப் பெண். இவர்கள் சராசரிப் பெண்ணைவிட உயரம். ஒய்யின் பங்கு என்று சொல்ல ஆசைப்படுவோம். ஆனால் அந்த டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி எலும்பில் வேலை செய்கிறது, விரையை எப்போது நீக்கினார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எஃப்சிஜி எலியின் எக்ஸ்ஒய் சூலக வகைக்கு இவர்கள் ஈடல்ல, இவர்களுக்குச் சூலகமே கிடையாது.

உயரத்தில் இன்னொரு ஜீன் கணக்கைக் குழப்பும்: ஷாக்ஸ். எக்ஸுக்கும் ஒய்க்கும் பொதுவான முனைப் பகுதியில், சுமார் 2.6 மெகாபேஸுக்குள், அது இருக்கிறது. அதனால் எக்ஸ்எக்ஸுக்கும் இரண்டு, எக்ஸ்ஒய்க்கும் இரண்டு. ஆண்-பெண் உயர வித்தியாசத்துக்கு அதன் பிரதி எண்ணிக்கை காரணமில்லை. டர்னரில் ஒன்றாகும்போது சிகிச்சையில்லாமல் சுமார் 20 சென்டிமீட்டர் குட்டை, எக்ஸ்எக்ஸ்ஒய்யிலும் எக்ஸ்ஒய்ஒய்யிலும் மூன்றாகும்போது நெட்டை. பால் குரோமோசோமில் இருப்பதாலேயே ஒரு ஜீன் பால் வித்தியாசத்துக்குக் காரணமாகிவிடாது என்று மாணவர்களுக்குக் காட்ட ஷாக்ஸ் நல்ல உதாரணம்.

பதில் 7: கூண்டுக்காரன்

ஒன்று விட்டுப்போயிற்று. எஃப்சிஜி எக்ஸ்ஒய் பெண்களுக்குச் சூலகம் சீக்கிரம் தீர்ந்துவிடும், குட்டியும் குறைவு. அதனால் சூலகத்தோடு வைத்து 6 மாதத்தில் எக்ஸ்எக்ஸ் பெண்ணோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது குரோமோசோமை அல்ல, சூலகத்தின் வயதை. கொழுப்பு வித்தியாசம் மாதக்கணக்கில்தான் விரியும் என்பதால் இந்தத் தவறில் விழுவது சுலபம். சூலகம் எடுப்பதை 75 நாளைத் தாண்டவிடாதீர்கள், எடுத்த சூலகத்தைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் போட்டு வையுங்கள். நுண்ணறைகளை எண்ணிக் காட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள்.